இருநூற்றுப் பதினொரு முடிச்சுகள்

அப்பாவின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஒரு நினைவுப் புத்தகம் அடிக்கிறோம். அச்சகக்காரர் மாதிரிக்கு ஒரு பழைய புத்தகம் தந்தார். அதில் பிறப்பு, கல்வி, வகித்த பதவிகள், ஆற்றிய சேவைகள் என்று தலைப்புகள் இருந்தன. அப்பாவுக்கு அவற்றை நிரப்பிப் பார்த்தேன். பிறப்பு, மன்னார் தாழ்வுபாடு. கல்வி, ஆறாம் வகுப்பு. பதவிகள், இல்லை. சேவை, கிழிந்த வலை பொத்தியது. நாலு வரியில் முடிந்துவிட்டது.

அச்சகக்காரரிடம் இன்னும் ஆறு பக்கம் கேட்டு வாங்கினேன். மூன்று வருடங்களுக்கு முந்திய மார்கழியில் அப்பா எங்கள் நாய்க்குச் சுவெற்றர் பின்னினார். அதைத்தான் எழுதப்போகிறேன். அதில் பாதியை ஊர் கடற்கரையில் நின்று பார்த்துச் சிரித்தது. மற்றப் பாதி பலருக்குத் தெரியாது.

அப்பாவின் பெயர் கிறகரி. ஐம்பது வயது வரை தொழிலுக்குப் போனார். பிறகு முழங்கால் விடவில்லை. வள்ளத்தை விற்றுவிட்டு, வீட்டு முற்றத்து வேம்பின் கீழ் ஒரு கதிரையைப் போட்டு மற்றவர்களின் வலைகளைப் பொத்தத் தொடங்கினார். வங்காலை ஊரில் இருந்தும் வலை வரும். வலையின் ஒரு பக்கத்தை வலது கால் பெருவிரலில் கொழுவி இழுத்துப் பிடித்துக்கொண்டு பின்னுவார். வலைக் கண்ணின் அளவுக்கு அவரிடம் அடிமட்டம் கிடையாது. இரண்டு விரல், மூன்று விரல், நாலு விரல், அவ்வளவுதான். நான் ஒருமுறை வேர்ணியர் அளவி கொண்டுவந்து, அவர் பின்னிய இரண்டு விரல் கண்களில் முப்பதை அளந்தேன். கூடியதற்கும் குறைந்ததற்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீற்றர்.

ஒவ்வொரு முடிச்சையும் போட்டவுடன் இழுத்துப் பார்ப்பார். பத்து முடிச்சை முடித்துவிட்டு மொத்தமாக இழுப்பதில்லை. ஒவ்வொன்றாக. இளமையில் யாரோ அவசரமாகப் பொத்திய வலையில் ஒரு முடிச்சு வழுகி, அன்றைய மீன்பாடு முழுவதும் அந்த ஓட்டையால் போயிற்றாம். அதன் பிறகு வந்த பழக்கம்.

அம்மா அருளம்மா. கோயில் பீடத் துணிகளுக்கு ஓரம் பின்னுகிறவர். மெல்லிய வெள்ளை நூலும் கொக்கி வைத்த ஓர் இரும்பு ஊசியும் எப்போதும் மடியில் இருக்கும். அதைக் குறோசே என்று சொல்வார். ஒரே முற்றத்தில் இரண்டு பேரும் நூலோடு இருப்பார்கள். ஒருவர் வேலையை மற்றவர் எட்டிப் பார்த்ததை நான் கண்டதில்லை.

நாய் அம்மாவுடையது. குட்டியாக மழையில் நனைந்து வந்தது. கரையில் இழுத்து வைத்த வள்ளங்களின் பின்னணியத்தில், சுக்கான் பூட்டும் இடத்தில், ஏறி இருக்கும் என்பதால் அதற்குச் சுக்கான் என்று பெயர் வந்தது. செம்மண் நிறம், நடுத்தர அளவு, ஒரு காது மடிந்தது. அப்பாவுக்கு நாய் ஆகாது. நாய் மிதப்பைக் கடிக்கும், வலைக்குள் படுக்கும், வலையில் மயிர் ஒட்டும் என்பார். அதற்குச் சோறு வைத்தது, குளிப்பாட்டியது, பேசியது எல்லாம் அம்மா.

அம்மா அந்த வருடம் சித்திரையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். கடைசி நாள் காலை கண் விழித்து அப்பாவிடம் கேட்டார்.

“சுக்கானுக்குச் சோறு வைச்சனீங்களோ?”

“வைச்சனான்” என்றார் அப்பா.

வைக்கவில்லை. இரண்டு நாளாக அவர் வீட்டுக்கே போகவில்லை. அம்மா மறுபடி கண் அயர்ந்ததும் அப்பா எழுந்து வெளியே போனார். சைக்கிளை மிதித்துத் தாழ்வுபாட்டுக்கு வந்தார். சோறு ஆக்கினார். மீன் தலை அவித்துப் பிசைந்து வைத்தார். நாய் சாப்பிட்டு முடியும் வரை நின்றார். திரும்பி வந்தபோது அம்மா பேசும் நிலையில் இல்லை. பிறகு பேசவும் இல்லை.

அதை அவர் எனக்கு ஒருமுறைதான் சொன்னார். அம்மா போன பின் எட்டு மாதம், ஒரு நேரம் பிந்தாமல், தான் சாப்பிட முன்னர் நாய்க்கு வைத்தார்.

கார்த்திகைக் கடைசியில் சுக்கானுக்குச் சொறி பிடித்தது. முதுகிலும் விலாவிலும் மயிர் உதிர்ந்து தோல் வெடித்தது. அப்பா அதை ஒரு மீன் பெட்டியில் வைத்து, முச்சக்கர வண்டி பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனார். வைத்தியர் மிச்ச மயிரையும் வழித்து, ஊசி போட்டு, பூச மருந்து கொடுத்தார். மயிர் திரும்பி வர இரண்டு மாதம் ஆகும், அதுவரை நனையக்கூடாது, குளிர் பிடிக்கக்கூடாது என்றார். மன்னாரில் குளிர் பிடிக்காமல் பார்ப்பது பெரிய வேலையாக அப்பாவுக்குத் தெரியவில்லை.

பத்து நாளில் அந்தக் குளிர் வந்தது. அந்த மார்கழியை எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்று நாள் சூரியனைக் காணவில்லை. வாடைக்காற்றும் தூறலும் விடவில்லை. தீவுக்கு அப்பால் பெருநிலப் பக்கம் மாடுகள் நின்ற இடத்திலேயே விறைத்து விழுந்து செத்தன. எங்கள் பக்கம் ஆடுகள். மயிர் உள்ள மிருகங்களுக்கே அந்தக் கதி. சுக்கானின் உடம்பில் மயிரே இல்லை.

வீட்டுக்குள் விட்டால் இருக்காது. கட்டி வைத்தால் சாப்பிடாது. அவிழ்த்துவிட்டால் நேரே வாசல் படலைக்குப் போய்ப் படுக்கும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன நாளில் இருந்து அதன் இடம் அதுதான். அப்பா அந்த இடத்துக்கு மேலே தகரம் போட்டார். மழை நின்றது, காற்று நிற்கவில்லை. தனது பழைய சேட் ஒன்றை அதற்குப் போட்டார். ஒரு மணித்தியாலத்தில் அது ஈரமாகிப் பின்னங்காலில் சிக்கியது. சாக்கைக் கட்டினார். சாக்கு உராய்ந்து புண்ணில் இரத்தம் வந்தது.

நான் கொழும்பில் மின்தூக்கி பழுது பார்க்கிறவள். அப்பா வட்ஸ்அப்பில் அழைத்து நாயைக் காட்டினார். அதன் தோல் முழுவதும் நடுங்கியது. படம் அசைவது அப்பாவின் கையால் என்று நினைத்தேன். அவர் கை அசையவில்லை.

“மகள், இது பொங்கலைக் காணாது” என்றார்.

“உடம்போடை ஒட்டிப் பிடிக்கிற மாதிரி ஒண்டு வேணும் அப்பா. நீட்டினா நீளவேணும், விட்டாச் சுருங்கவேணும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரிலை அளந்து சொல்லுங்கோ, நான் படம் கீறி அனுப்புறன்.”

“சென்ரிமீற்றர் உன்னட்டை இருக்கட்டும். என்னட்டை விரல் இருக்கு.”

முதலாவதை வலை நூலில் பின்னினார். இரண்டு மணித்தியால வேலை. கழுத்துக்கு ஒரு வாய், கால்களுக்கு இரண்டு வாய், ஒரு விரல் கண். அளவு அச்சொட்டு. அதைப் போட்டுக்கொண்டு சுக்கான் கரைக்குப் போனது. அப்பாவோடு இருபது வருடம் ஒரே வள்ளத்தில் தொழில் செய்த றெனால்ட் மாமா அங்கே நின்றார்.

“மச்சான், உதை நீ பிடிச்சனியோ, அது தானா வந்து பட்டதோ?”

“குளிருக்குப் போட்டிருக்கு.”

“குளிர் பெரிய மீனெண்டா இந்தக் கண்ணுக்குள்ளாலை வராதுதான். இது நெத்தலி மச்சான், நெத்தலி.”

கரை முழுவதும் சிரித்தது. அப்பாவும் சிரித்தார் என்று றெனால்ட் மாமா சொல்கிறார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி எறிந்துவிட்டார்.

எங்கள் வளவுக்கு அடுத்தது ஒரு கருவாட்டு வாடி, மீன் கீறிக் காயவைக்கும் கொட்டில். அங்கே நாட்கூலிக்கு வேலை செய்கிறவர் சிவராணி அக்கா. மலையகத்தில் பிறந்து, எண்பத்து மூன்று கலவரத்தில் பத்து வயதுச் சிறுமியாகக் குடும்பத்தோடு இந்தப் பக்கம் வந்தவர். நாற்பது வருடம் இங்கே இருந்தும் அவருடைய பேச்சு மாறவில்லை. வேலை முடிந்து பெரிய வீதிக்கு அவர் நடக்கும்போது, உடம்பில் இருக்கும் கருவாட்டு மணத்துக்கு ஊர் நாய்கள் பின்னால் வந்து குரைக்கும். சுக்கான் தினமும் அவரோடு வீதி வரை போய், அவர் பஸ் ஏறிய பிறகு திரும்பி வரும். யாரும் பழக்கிய பழக்கம் அல்ல.

அன்று பின்னேரம் அது எழும்பவில்லை. சிவராணி அக்கா படலையில் நின்று பார்த்தார். வேலியில் தொங்கிய வலைச் சட்டையையும் பார்த்தார்.

“அண்ணே, இது என்ன? இதுக்குள்ள வாரதுக்கு காத்து ஒங்ககிட்ட கேட்டுட்டா வரும்?”

“தங்கச்சி, நீரும் துவங்காதையும். கரையிலை போதுமட்டும் கேட்டிட்டன்.”

“எங்க பக்கமெல்லாம் குளிருக்கு உல்லன்தாண்ணே. தோட்டத்துல தொரை வீட்டு நாயி சுவெட்டர் போட்டுக்கிட்டுத்தான் திரியும். எங்களுக்கு இல்லாட்டியும் அதுக்கு இருக்கும்.”

“மன்னாரிலை எந்தக் கடையிலை உல்லன் விக்கிறான்?”

சிவராணி அக்கா பஸ்ஸுக்கு நடந்தார். அடுத்த நாள் வேலைக்கு வரும்போது ஒரு சொப்பிங் பாக் கொண்டுவந்தார். உள்ளே கடும் பச்சையில் ஒரு பெண்கள் சுவெற்றர். முழங்கையில் ஓட்டை. கற்பூர உருண்டை மணம். அவருடைய அம்மா கொழுந்து பறிக்கப் போகும்போது போட்டது. மலையகத்தில் இருந்து வந்த ஒரே தகரப் பெட்டியில், இவ்வளவு காலமும் ஒருவரும் போடாமல் வைத்திருந்தது.

“இது வேண்டாம் தங்கச்சி” என்றார் அப்பா. “தாயின்ரை.”

“அம்மா போயி இருவது வருசம். பெட்டியில இருந்தா பூச்சிதான் திங்கும். இவன் எனக்கு எத்தன நாளு தொணைக்கு வந்திருக்கான். பிரிங்கண்ணே.”

பிரித்த நூல் சுருள் சுருளாக இருந்தது. அப்பா அதைச் சுடுநீரில் நனைத்து, கொடியில் போட்டு, கீழ் நுனிகளில் வலை ஈயத்தைக் கட்டித் தொங்கவிட்டார். நூல் நேரானது. அம்மாவின் இரும்பு ஊசி கம்பளி நூலுக்கு மெல்லியது, நூலைப் பிளந்தது. ஒரு பல்துலக்கித் தண்டை அராவி, நுனியில் கொக்கி வெட்டி, மண்கடதாசியால் தேய்த்து அரை மணித்தியாலத்தில் புதிய ஊசி செய்தார். இந்த இரண்டையும் ஒருவரும் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

சிவராணி அக்கா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வந்து குறோசே போட்டுக் காட்டினார். ஒரு வளையம். அதற்குள்ளால் நூலைக் கொக்கியால் இழுத்து இன்னொரு வளையம். அதற்குள்ளால் இன்னொன்று. அப்பா கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“முடிச்சு எங்கை?”

“முடிச்சு இல்லண்ணே. ஒன்ன ஒன்னு புடிச்சுக்கும்.”

“பிடிக்காட்டி?”

“புடிக்கும். தப்பாப் போச்சுன்னா இழுத்தாப் போதும், பிரிஞ்சிரும். இது அதுக்கு வசதி.” அவர் நுனியைப் பிடித்து இழுத்தார். நாலு வரிசைப் பின்னலும் ஒரே இழுப்பில் நூலாகி மடியில் விழுந்தது.

அப்பா கதிரையை விட்டு எழுந்துவிட்டார் என்று சிவராணி அக்கா சொல்கிறார். பாம்பைக் கண்டவர் போல நின்றாராம்.

வலைக்காரர் ஒருவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்பதை நான் இப்போது யோசிக்கிறேன். நண்டு ஒரு கண்ணை அறுத்தால் அந்தக் கண்தான் போகும். சுற்றியுள்ள நாலு முடிச்சும் தாங்கும். வலை என்றால் அதுதான். ஓர் இடம் அறுந்தால் முழுவதும் போகும் ஒரு பொருளை அவர் தனது கையால் செய்ததில்லை. அன்று பின்னேரம் என்னை அழைத்தார்.

“மகள், ஒரு நூலிலை முழுதும் தொங்குது. நாய் ஒருக்காக் கடிச்சா முடிஞ்சுது. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு முடிச்சுப் போடப்போறன். சரிதானே?”

நான் “ஓம் அப்பா, அதுதான் சரி” என்றேன். ஒரே கயிற்றில் நாங்கள் மின்தூக்கியைத் தொங்கவிடுவதில்லை. ஒன்று போனால் மற்றது தாங்கவேண்டும். அது எனது தொழிலின் முதல் பாடம். படிப்பு, அனுபவம் இரண்டையும் வைத்துக்கொண்டு சொன்ன பதில் அது. நீட்டினால் நீளவேண்டும் என்று மூன்று நாளுக்கு முன் நானே சொன்னதை மறந்துவிட்டேன். முடிச்சுப் போட்ட வளையம் நீளாது.

இரண்டு நாள் எடுத்தது. வழமை போல ஒவ்வொரு முடிச்சையும் இழுத்துப் பார்த்து இறுக்கினார். சிவராணி அக்காவுக்குக் காட்டவில்லை. முழுவதையும் முடித்துவிட்டுக் காட்டலாம் என்று இருந்தார். இந்த இரண்டு நாளில் சுக்கான் சாப்பாட்டைக் குறைத்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை அதைப் போட்டார். போடுவதே பெரும்பாடு. முன்னங்கால்களை மடித்துத் திணிக்கவேண்டியிருந்தது. போட்ட பிறகு சுக்கான் எழுந்து பத்து அடி நடந்தது. நின்றது. வாயைத் திறந்து நாக்கை வெளியே விட்டது. நெஞ்சு விரிய இடம் இல்லை. குளிரில் நாய் நாக்கைத் தொங்கவிடாது என்பது அப்பாவுக்கு ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அது பக்கவாட்டில் சரிந்துவிட்டது.

கழற்ற முடியவில்லை. மீன் வெட்டும் கத்தியை எடுத்து, தனது இடது கையை நாயின் வயிற்றுக்கும் பின்னலுக்கும் நடுவே கொடுத்து, கத்தியின் முதுகு கைப்பக்கம் இருக்கும்படி பிடித்து, வயிற்றில் இருந்து கழுத்து வரை ஒரே இழுப்பில் வெட்டினார். நாய்க்கு ஒரு கீறலும் இல்லை. அவருடைய நடுவிரலில் ஒரு வெட்டு. சுக்கான் நீளமாக மூச்சை இழுத்தது. அவர் அதைத் தூக்கிக்கொண்டுபோய், அடுப்படியில் தான் உடுத்தும் சாரத்தால் மூடி, கதவைச் சாத்திக்கொண்டு அருகில் இருந்தார். அன்று அது வெளியே போக எழும்பவில்லை. எழும்பப் பலம் இல்லை.

முற்றத்தில் சிவராணி அக்காவின் அம்மாவுடைய சுவெற்றர் துண்டு துண்டாகக் கிடந்தது. இழுத்தால் பிரிகிற பின்னலாக அது இருந்திருந்தால் நூல் முழுதாக மிஞ்சியிருக்கும். முடிச்சுப் போட்டதால் மிஞ்சவில்லை.

இந்த இடத்தில் எங்கள் அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வலை பொத்தும்போது பிழை விட்டால், வலைக்காரர் கேட்க முதல் தானே அவருடைய வீட்டுக்குப் போய்ச் சொல்வார். ஆள் அனுப்புவதில்லை. தொலைபேசியில் சொல்வதில்லை. துண்டுகளை அதே சொப்பிங் பாக்கில் போட்டுக்கொண்டு வாடிக்குள் போனார். பெண்கள் ஆறேழு பேர் மீன் கீறிக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் முன்னால் பையை நீட்டினார்.

“தங்கச்சி, நீர் சொன்னபடி நான் செய்யேல்லை. முடிச்சுப் போட்டிட்டன். நாய் மூச்செடுக்காமல் விழுந்திட்டுது. வெட்டினனான். உம்மடை தாயின்ரை சாமானை நாசமாக்கிப்போட்டன்.”

சிவராணி அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து பைக்குள் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து முடிச்சை நகத்தால் நெம்பினார். அசையவில்லை.

“ஆத்தாடி, எத்தன முடிச்சு. யான கட்டுறதுக்கா போட்டீங்க?”

வாடி சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. சிவராணி அக்காவும் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாராம். பிறகு கேட்டார்.

“நாயி உசுரோட இருக்கா?”

“இருக்கு. சாப்பிடுதில்லை.”

“அப்ப ஏன் இங்க நிக்கிறீங்க? உல்லன் துண்டாப் போனா என்ன, ஒங்களுக்கு முடிச்சுப் போடத் தெரியும்ல? துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல போடுங்க. அங்க எத்தன வேணும்னாலும் போடுங்க. வளையத்துல மட்டும் கைய வைக்காதீங்க. வளையம் அதுபாட்டுக்கு இருக்கட்டும்.”

அப்படித்தான் மூன்றாவது சுவெற்றர் தொடங்கியது. அவிழ்க்கக்கூடிய முடிச்சுகளை வலை ஊசியின் நுனியால் அவிழ்த்தார். முடியாதவற்றை வெட்டிக் கழித்தார். மிஞ்சியவை ஒரு சாண், ஒரு முழம், அதிகம் போனால் இரு கை விரித்த ஒரு பாகம். ஒரு துண்டு முடிந்ததும் அடுத்த துண்டை வலை முடிச்சால் சேர்ப்பார். இழுத்துப் பார்ப்பார். பிறகு கொக்கியை எடுத்து வளையம் வளையமாகப் போவார். வளையத்தை இழுத்துப் பார்க்க அவருடைய கை தானாகப் போகுமாம். வெட்டுப்பட்ட நடுவிரல் நொந்து அவரை நிறுத்துமாம். “கர்த்தர் காயத்தைச் சரியான விரலிலை தந்திருக்கிறார்” என்று சொன்னார்.

கிறிஸ்து பிறந்த நத்தார் விடுமுறைக்கு நான் வந்து சேர்ந்தபோது கழுத்தும் முன்னங்கால்களும் முடிந்திருந்தன. சுக்கான் அடுப்படியில் அவருடைய பாதத்தில் முதுகை வைத்துப் படுத்திருந்தது. பெருவிரலில் வலை கொழுவாமல் அவர் பின்னியதை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். அந்த விரல் நாயின் விலாவில் இருந்தது. மூச்சு வருகிறதா என்று அதனால் பார்த்துக்கொண்டே வேலை செய்தார்.

“அப்பா, நான் சொன்ன கணக்குப் பிழை” என்றேன்.

“உன்ரையும் பிழை, என்ரையும் பிழை. விடு. அந்த நீட்டுத் துண்டை எடு.”

நெஞ்சுக்கு வந்ததும் நிறுத்தினார். இரண்டு விரலை நாயின் விலாவுக்கும் பின்னலுக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். போயிற்று. நாய் மூச்சை இழுக்கும் வரை காத்திருந்தார். பின்னல் விரிந்தது, விரல் இறுகவில்லை. மூச்சை விட்டதும் சுருங்கியது. அதைப் பல தடவை பார்த்தார். வலையில் அவர் காணாத ஒன்று அது. “அருளம்மா உதைத்தான் இவ்வளவு காலமும் செய்திருக்கிறா” என்றார். அலுமாரியைத் திறந்து அம்மாவின் பீடத் துணி ஒன்றை எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை மெதுவாக நீட்டி நீட்டி விட்டார். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன்.

நத்தாருக்கு முதல்நாள், திருவிழிப்பு மத்தியானம், வேலை முடிந்தது. சேர்ப்பு முடிச்சுகளின் நுனிகள் புண்ணில் உரசக்கூடாது என்று எல்லா முடிச்சையும் வெளிப்பக்கம் எடுத்திருந்தார். நான் எண்ணினேன். இருநூற்றுப் பதினொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு நுனி குத்திட்டு நின்றது.

சுக்கான் எழுந்தது. குலுக்கிப் பார்த்தது. நடந்தது. சோற்றுக் கோப்பையிடம் போய் முழுவதையும் தின்றது. அப்பா கோப்பை காலியாகும் வரை நின்றார். பிறகு அது படலைக்குப் போய்ப் படுத்தது. அவர் தடுக்கவில்லை. தகரத்தின் கீழ், வாடைக்காற்றில், நாய் நடுங்காமல் கிடந்தது.

அடுத்த நாள், நத்தார்ப் பூசை முடிந்து வரும்போது றெனால்ட் மாமா படலையில் நின்றுவிட்டார்.

“கிறகரி, உது என்னடா? பேத்தை மீனுக்குக் கால் முளைச்சு வந்து படுத்திருக்கு!”

“கிட்டப் போகாதை மச்சான். ஊதினா இன்னும் பெருக்கும்.”

உடம்பை ஊதி முள்ளை நிறுத்தும் மீனின் அந்தப் பெயர் ஊரில் நின்றுவிட்டது. குளிர் விடும் வரை சுக்கானைப் பேத்தை என்றே கூப்பிட்டார்கள். நத்தார் முடிந்து வேலைக்கு வந்த சிவராணி அக்காவை அது பின்னேரம் வீதி வரை கொண்டுபோய் விட்டது. அவருடைய அம்மாவின் பச்சை நிறம் அவருக்கு முன்னால் நடந்து போவதை அப்பா படலையில் நின்று பார்த்தார். மாசியில் மயிர் வந்தது. சுவெற்றரைத் தோய்த்து, மடித்து, அலுமாரியில் அம்மாவின் துணிகளின் மேல் வைத்தார். வருடாவருடம் மார்கழியில் எடுத்துப் போடுவார். தேவை இல்லாத வருடத்திலும் போட்டார்.

போன மாதம் ஒரு காலை வேம்பின் கீழ் கதிரையில் இருந்தபடியே அப்பா போய்விட்டார். வலை பெருவிரலில் கொழுவியிருந்தது. றெனால்ட் மாமாதான் கழற்றினார். பொத்திக்கொண்டிருந்த கண்ணில் முடிச்சு இறுக்கி முடிந்திருந்தது. சுக்கானின் கோப்பையைப் பார்த்தேன். காலியாக, நக்கிய பளபளப்போடு இருந்தது. அவர் வைத்திருந்தார்.

இப்போது வாடை தொடங்கிவிட்டது. நாயும் கிழடாகிவிட்டது. நேற்றுச் சுவெற்றரை எடுத்தேன். கழுத்துக்குப் பின்னால் எலி கடித்து ஒரு நூல் அறுந்திருந்தது. வளையங்கள் திறந்து கிடந்தன. தொட்டால் முழுவதும் ஓடிவிடும் என்ற பயத்தில், அதை அப்படியே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வாடிக்குப் போனேன்.

சிவராணி அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அறுந்த இடத்தில் இருந்து விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

“நாலு வளையந்தான் போயிருக்கு. இங்க பாரு, அண்ணன் முடிச்சு. இத தாண்டிப் போவல.”

நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். அசையவில்லை. பலமாக இழுத்தேன். அசையவில்லை.

அக்கா அந்த நாலு வளையத்தையும் பல்துலக்கி ஊசியால் எடுத்துக் கொடுத்தார். சேர்ப்பு முடிச்சை என்னைப் போடச் சொன்னார். இப்போது இருநூற்றுப் பன்னிரண்டு. எனது முடிச்சு கொஞ்சம் பெரிது, வேறாகத் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து சோறு வைத்தேன். சுக்கான் தின்று முடித்து, படலைக்குப் போக முன்னர் என் முன்னால் வந்து நின்று, வலது முன்னங்காலைத் தூக்கித் தந்தது. சுவெற்றர் போடும்போது அந்தக் காலைத்தான் அப்பா முதலில் நுழைப்பார் போலும்.